ஆறு பத்து டிரிப்

முப்பத்தொரு வருஷமாக நான் பஸ் டெப்போவில் டைம் கீப்பர். வண்டி கிளம்பும்போது விசில் கொடுப்பதும், திரும்பி வந்ததும் நேரம் எழுதி டிரிப் ஷீட்டில் கையெழுத்துப் போடுவதும் என் வேலை. கேட்டால் ஒன்றுமில்லாத வேலை மாதிரித் தோன்றும். ஒரு நாள் நான் ஊதாமல் இருந்து பாருங்கள், அப்போது தெரியும் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். இதுவரை யாரும் பார்க்க ஆசைப்பட்டதில்லை.

எனக்கு மூக்கு மேல் கோபம் என்பார்கள். உண்மைதான், ஆனால் காரணமில்லாமல் வராது. தாமதமாக வரும் வண்டியைக்கூட மன்னித்துவிடுவேன். டயர் பஞ்சர், வழியில் நெரிசல், ஏதோ ஒன்று இருக்கும். நேரத்துக்கு முன்னால் வந்து இளிக்கிற வண்டியைத்தான் என்னால் பொறுக்கவே முடியாது. நாலு நிமிஷம் முன்னால் வருகிறது என்றால் வழியில் நாலு பேரைத் தவிக்க விட்டுவிட்டு வந்திருக்கிறது என்று அர்த்தம். அதைவிட மோசம், பாதியில் திரும்பி வருவது. ஒருமுறை என் மச்சினனே, அதாவது என் மனைவியின் தம்பியே, கடைசி ஸ்டாப்புக்குப் போகாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டான்.

"கடைசி ஸ்டாப்ல ஒரே ஒரு நாய்தான் நிக்கும் மாமா" என்றான்.

"ஓடாத டிரிப்புக்கு என் கையெழுத்து கிடையாது" என்று ஷீட்டை அவன் கையிலேயே திணித்து அனுப்பினேன். அதற்கப்புறம் என் மனைவி பதினொரு நாள் என்னோடு பேசவில்லை. பதினொன்று என்று எப்படித் தெரியும் என்றால், குறித்து வைத்திருந்தேன்.

இப்படிப்பட்ட எனக்குப் போன மாதம் ஒரு வண்டி ஆறு நிமிஷம் முன்னால் வந்தது. டிரைவரை நிற்க வைத்துக் கத்திக்கொண்டிருந்தேன். நடுவில் டிரிப் ஷீட்டில் சொட்டுச் சொட்டாகச் சிவப்பு விழுந்தது. இவன் யாரடா சிவப்பு மையில் எழுதுகிறான் என்று அதற்கும் சேர்த்துக் கத்தினேன். அது என் மூக்கிலிருந்து வந்த ரத்தம் என்று டிரைவர்தான் சொன்னான்.

டெப்போ டாக்டர் சின்ன வயதுப் பெண். கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்தார். நூற்று எழுபத்தெட்டு. மாத்திரை எழுதிவிட்டு, ஒரு ரோஸ் நிறப் படிவத்தை எடுத்து வைத்தார்.

"சார், ஏரியச் சுத்தி நடைபாதை போட்டிருக்காங்க. ரொம்ப ஈஸி. ஏத்தம் இறக்கம் எதுவும் கிடையாது. இருபத்தோரு நாள் லீவு எழுதறேன், வீட்ல அம்மாவையும் கூட்டிக்கிட்டு தினமும் நடங்க. எதப்பத்தியும் யோசிக்காம நடக்கணும்."

படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. பிரஷர் நூற்று நாற்பதுக்குக் கீழே வந்ததா என்று ஒன்று. இருபத்தொரு நடை முடிந்ததா என்று இன்னொன்று.

"ரெண்டுலயும் டிக் விழுந்தா மறுநாளே உங்க நாற்காலி."

"விழலன்னா?"

டாக்டர் மென்று விழுங்கினார். "விழற வரைக்கும் தொலைஞ்ச பொருள் ரூம்ல டியூட்டி போடச் சொல்லி மேலிடத்து உத்தரவு சார்."

அந்த அறையை எனக்குத் தெரியும். பஸ்ஸில் விட்டுப்போன குடைகள், ஒற்றைச் செருப்புகள், டம்ளரில் போட்ட ஒரு பல்செட். எனக்கு முன்னால் டைம் கீப்பராக இருந்தவரை அங்கேதான் அனுப்பினார்கள். ஆறே மாதத்தில் அவர் குடைகளிடம் பேச ஆரம்பித்துவிட்டார். எனக்குப் பயமாக இருந்தது. அந்த நாற்காலியையும் விசிலையும் எடுத்துவிட்டால் மிச்சம் இருக்கிற ஆள் யாரென்று எனக்கே தெரியாது.

என் மனைவிக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அவள் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். காலை ஒன்பதரைக்குத்தான் வேலை. நானோ முதல் வண்டிக்காக மூன்றரைக்கே வீட்டை விட்டுக் கிளம்புகிறவன். அன்று சாயங்காலமே கடைக்குப் போய் ஒரே நிறத்தில் இரண்டு ஜோடி ஷூ வாங்கிவந்தாள்.

"கல்யாணமாகி இத்தன வருஷத்துல நம்ம ரெண்டு பேரும் சேர்ந்து காலை ஏழு மணியப் பாத்ததே இல்லங்க" என்றாள்.

"ஏழு மணிக்கு ரெண்டு வண்டி கிளம்பும்" என்றேன் நான்.

முதல் நாள் போனோம். வாசலில் பலகை இருந்தது: எளிய பாதை, தூரம் இரண்டு புள்ளி நான்கு கிலோமீட்டர், நேரம் நாற்பத்தைந்து நிமிடம். வழியில் ஒன்பது பெஞ்சுகள், எல்லாவற்றிலும் எண் போட்டிருந்தது. எனக்கு அது பிடித்தது. நடந்தோம். என் மனைவி ஏதேதோ காட்டிக்கொண்டு வந்தாள். சுற்றி முடித்து வாசலுக்கு வந்து கடிகாரத்தைப் பார்த்தால், பகீர் என்றது. முப்பத்தொரு நிமிஷம்! பதினாலு நிமிஷம் முன்னால் வந்து நிற்கிறேன்!

"வாங்க, வீட்டுக்குப் போலாம்."

"இன்னும் நேரம் ஆகல" என்று அப்படியே நின்றேன். பதினாலு நிமிஷமும் நின்றேன்.

நிற்கும்போதுதான் அந்த அநியாயத்தைப் பார்த்தேன். மூன்று பேர் ஒட்டிக்கொண்டு வருகிறார்கள். அடுத்த பதினோரு நிமிஷம் ஈ காக்கா இல்லை. பிறகு கும்பலாக ஐந்து பேர். மூன்றாம் பெஞ்சில் ஒன்பது பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள், ஏழாம் பெஞ்சு காலி. கேட்பாரற்றுக் கிடந்தது அந்தப் பாதை. எதைப் பற்றியும் யோசிக்காமல் நடக்கவாம்! எப்படி யோசிக்காமல் இருப்பது?

இரண்டாம் நாள் வாசலில் இரண்டு ஓரகத்திகள் நுழைந்தார்கள். அண்ணன் மனைவியும் தம்பி மனைவியும். ஒருத்தி இல்லாமல் இன்னொருத்தி ஓர் அடி எடுத்து வைக்க மாட்டாள். அவர்கள் முதுகை உரசுகிற மாதிரி ஓர் உயரமான மனிதர் பின்னாலேயே போனார். என் சட்டைப் பையில் விசில் எப்போதும் இருக்கும். அது எப்படி வாய்க்கு வந்தது என்று எனக்குத் தெரியாது. ஊதிவிட்டேன்.

உயரமானவர் ஒரு காலைத் தூக்கியபடியே நின்றார்.

"அஞ்சு நிமிஷ இடைவெளி வேணும் சார். பின்னால வாங்க."

வந்தார்! பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றார். ஐந்து நிமிஷம் கழித்து ஊதினேன், கிளம்பினார். போகும்போது நன்றி வேறு சொன்னார். அதற்குள் வாசலில் நாலு பேர் வரிசை கட்டியிருந்தார்கள்.

"நீ போம்மா" என்றேன் மனைவியிடம். "இத ஒழுங்கு பண்ணிட்டு அடுத்த டிரிப்ல வரேன்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு போனாள். மணி ஆறு பத்து.

நாலாம் நாள் ஏரிக் காவல்காரர் சண்டைக்கு வந்தார். "யாரு சார் உங்களுக்கு இந்த அதிகாரத்தக் குடுத்தது?"

"மூணாம் பெஞ்சப் போய்ப் பாத்துட்டு வந்து பேசுங்க" என்றேன். போய்ப் பார்த்தார். இரண்டே பேர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்களாம். பத்து நிமிஷத்தில் தன் அறையிலிருந்து ஒரு மேசையையும் கை உடைந்த நாற்காலியையும் தூக்கிக்கொண்டு வந்தார். நான் ஒரு நோட்டு வாங்கிக் கோடு போட்டேன். புறப்பாடு, வருகை, குறிப்பு.

அதன்பிறகு எனக்கு நிற்க நேரமில்லை. உயரமானவர் தனக்கு வேகம் அதிகம் என்று மனு கொடுத்தார். ஒன்று, ஐந்து, ஒன்பதாம் பெஞ்சுகளில் மட்டும் நிற்கிற எக்ஸ்பிரஸாக அவரை மாற்றினேன், நாற்பது நிமிஷம். ஓரகத்திகளை இணைப்பு வண்டி என்று எழுதினேன். நடக்க விருப்பமில்லாத சிலர் பெஞ்சுகளில் உட்கார்ந்து, "ஆறு இருபத்தஞ்சு போயிடுச்சா?" என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். அந்த ஆள் வந்ததும் எழுந்து அவர் பின்னாலேயே இரண்டு பெஞ்சு தூரம் வந்து இறங்கிக்கொள்வார்கள். ஒருவர் மாதாந்திர பாஸ் கேட்டார். இதற்கெல்லாம் பாஸ் வேண்டாம் என்றேன். முகம் தொங்கிப்போய்விட்டது, பாவம். ஒன்று எழுதிக் கொடுத்தேன்.

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர்தான் தலைவலி. எல்லாரும் ஏரியை ஒரு பக்கமாகச் சுற்றினால் அவர் எதிர்ப்பக்கமாகச் சுற்றுவார். கேட்டால் இடது முழங்கால் என்றார். அந்தத் திசைக்கு இன்னும் பெர்மிட் ஆகவில்லை, மனு பரிசீலனையில் இருக்கிறது என்று சொல்லி வாசலிலேயே நிறுத்திவைத்தேன். தினமும் வந்து நின்றுவிட்டு வீட்டுக்குப் போவார்.

என் மனைவிக்கு ஆறு பத்து டிரிப் என்று நிலைத்துவிட்டது. புது ஷூவும் தோளில் ஒரு பையுமாகத் தனியாகக் கிளம்புவாள். ஆறு ஐம்பத்தைந்துக்கு வந்து நிற்பாள். ஒரு நிமிஷம் முன்னே இல்லை, பின்னே இல்லை.

"இந்த ரூட்லயே ஒழுங்கான வண்டி இதுதான்" என்று வரிசையில் நிற்கிறவர்களிடம் அவளைக் காட்டிப் பெருமையடிப்பேன். அவளோ பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்து ஒரு கப்பில் டீ ஊற்றி மேசை மேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போவாள்.

ஒன்பதாம் நாள் மட்டும் கேட்டாள். "இன்னைக்காவது வரீங்களா?"

"விசில யார்கிட்டம்மா குடுக்கறது?"

அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை. அவளுக்குப் பழகிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். பதினைந்தாம் நாள் அவள் ஆஸ்பத்திரி மெஷினில் பார்த்தபோது பிரஷர் நூற்று முப்பத்தாறு. எனக்கு வாயெல்லாம் பல்.

இருபத்தொன்றாம் நாள் வந்தது. ஒன்பது மணிக்கு டாக்டர். அதிகாலையே சவரம் செய்து, டெப்போ சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். வழக்கம்போல ஆறு பத்துக்கு அவளை அனுப்பினேன்.

ஆறு ஐம்பத்தைந்து. வரவில்லை.

ஆறு ஐம்பத்தெட்டு. கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஏழு மணிக்கு எக்ஸ்பிரஸ் உள்ளே வந்தார்.

"வழியில ஆறு பத்தப் பாத்தீங்களா?"

"ஆறாம் பெஞ்சுல நிக்குது சார். அதாவது, உக்காந்திருக்காங்க."

"ரிப்பேரா?"

"கேட்டேன். ஒண்ணுமில்ல, நீங்க போங்கன்னுட்டாங்க."

வண்டி வழியில் நின்றால் அதற்கொரு முறை இருக்கிறது. முதலில் ஆளனுப்பி நிலவரம் தெரிந்துகொள்ள வேண்டும். யாரை அனுப்புவது? ஆறாம் பெஞ்சு, எதிர்ப்பக்கமாகப் போனால்தான் கிட்டம். கணக்கு வாத்தியார் மெல்ல முன்னால் வந்தார்.

"நான் வேணா போய்ப் பாத்துட்டு வரட்டுங்களா?"

அங்கேயே அவருக்குத் தற்காலிக பெர்மிட் எழுதிக் கொடுத்தேன். பதினெட்டு நாள் காத்திருந்தவர், முழங்காலை மறந்து பறந்தார். ஏழரைக்குத் திரும்பி வந்தார், மூச்சு வாங்கியது.

"டைம் கீப்பர் நேர்ல வந்து பாத்தாத்தான் வண்டிய எடுப்பேன்னு சொல்றாங்க."

வரிசையில் பதினாலு பேர் நின்றார்கள். எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

"முகம் எப்படிங்க இருந்துச்சு?"

வாத்தியார் யோசித்தார். "அழுத முகம்தான் சார். ஆனா என்னப் பாத்ததும் சிரிச்சாங்க."

இத்தனை வருஷத்தில் எத்தனையோ வண்டி நடுவழியில் நின்றிருக்கிறது. ஒன்றைக்கூட நான் நேரில் போய்ப் பார்த்ததில்லை. நாற்காலியை விட்டு எழுந்ததே இல்லை. இப்போது பதறி ஓடினால் பிரஷர் எகிறும், நாற்காலி போகும். உட்கார்ந்திருந்தால்? உட்கார்ந்திருக்க முடியவில்லை. விசிலை எடுத்துக் காவல்காரர் கையில் கொடுத்தேன்.

எதிர்ப்பக்கமாகப் போனால் பத்து பன்னிரண்டு நிமிஷம். ஆனால் அது நானே தடுத்து வைத்திருக்கும் திசை. முறையான வழியில் அரை மணி. முறையான வழியிலேயே ஓடினேன். தேய்த்த சட்டை முதுகில் ஒட்டியது. இரண்டாம் பெஞ்சில் காத்திருந்த ஒருவர் எழுந்து, "இது எந்த டிரிப் சார்?" என்று கேட்டார்.

"ஸ்பெஷல்! ஏறாதீங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

ஆறாம் பெஞ்சில் அவள் ஷூவைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, வெறுங்காலைப் புல்லில் ஊன்றி உட்கார்ந்திருந்தாள். மடியில் பிளாஸ்க். பெஞ்சில் இரண்டு கப்.

"உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல."

"கால் பிசகிடுச்சா?"

"இல்லங்க."

என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்திருக்கும். "பின்ன எதுக்குடி நின்ன? பதினாலு பேர் அங்க நிக்கறாங்க! ஒம்பது மணிக்கு டாக்டர்!"

அவள் குரலை உயர்த்தவில்லை. "பத்தொம்பது நாள் கரெக்ட் டைமுக்கு வந்தேன். சரியா வந்தா உங்களுக்குப் பிடிக்கும், ஒரு நாளாவது எந்திரிச்சு கூட வருவீங்கன்னு நெனச்சேன். அப்பறம்தான் புரிஞ்சுது. நேரத்துக்கு வர வண்டிய நீங்க எதுக்குத் தேடிப் போகப்போறீங்க? அதான் நின்னு பாத்தேன்."

வெட்கமாக இருந்தது. முப்பத்தொரு வருஷமாக ஊர்க்காரர்களை நிற்க வைத்துவிட்டுப் போகிற வண்டிகளைத் திட்டியவன், இவளை எத்தனை வருஷமாக நிற்க வைத்திருக்கிறேன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். போட முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு கப்பிலும் டீ ஊற்றினாள்.

"தினமும் ரெண்டு கப்பு கொண்டுவந்தியா?"

"தினமும்தான்."

தண்ணீர் அசையாமல் கிடந்தது. கரையோரம் ஒரு வெள்ளைக் கொக்கு ஒற்றைக் காலில் நின்றது. யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத நிற்பு.

"இதத்தான் தினமும் பாத்தியா?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்கே! பாக்க எனக்கு ஏது நேரம்? ஆறு அம்பத்தஞ்சுக்கு வரணுமே" என்றாள்.

சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். எவ்வளவு நேரம் உட்கார்ந்தோம் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்து பார்த்தால் வரிசையைக் காணோம். காவல்காரர் ஒரே ஊதலில் பதினாலு பேரையும் மொத்தமாக அனுப்பிவிட்டிருந்தார். ஒன்றும் குடிமுழுகிப் போய்விடவில்லை.

டாக்டரிடம் இருபது நிமிஷம் தாமதமாகப் போனோம். பட்டையைச் சுற்றிப் பார்த்தார். நூற்று முப்பத்திரண்டு. எனக்கே நம்பிக்கை இல்லை, இன்னொரு முறை பார்க்கச் சொன்னேன். அதேதான். முதல் கட்டத்தில் டிக் போட்டார்.

"சூப்பர் சார். தினமும் நடந்தீங்கல்ல?"

நோட்டை எடுத்து நெஞ்சை நிமிர்த்தி நீட்டினேன். "ஐந்நூத்தி நாப்பது டிரிப் டாக்டர். புறப்பாடு, வருகை, குறிப்பு. ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது."

டாக்டர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். எக்ஸ்பிரஸ், இணைப்பு வண்டி, ஆறு பத்து, ஆறு பத்து, ஆறு பத்து. கடைசிப் பக்கம் வரை போய்விட்டுத் திரும்ப முதல் பக்கத்துக்கு வந்தார்.

"ஊரே நடந்திருக்கு. இதுல நீங்க எங்க சார்?"

"நான் ஊதினேன்" என்றேன்.

"நடந்தது?"

"மொத நாள் ஒண்ணு. இன்னைக்கு ஒண்ணு."

டாக்டருக்கு இளகிய மனசு. பெருமூச்சு விட்டார். "சரி விடுங்க. பிரஷர்தான் குறைஞ்சிடுச்சே. இதுக்கும் டிக் போட்டுடறேன்" என்று பேனாவை இரண்டாம் கட்டத்துக்குக் கொண்டுபோனார். என் நாற்காலி அந்தப் பேனா முனையில் இருந்தது.

"டாக்டர்" என்றாள் என் மனைவி, அலட்டிக்கொள்ளாமல். "ஓடாத டிரிப்புக்குக் கையெழுத்து கிடையாது."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அவளைப் பார்த்தேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால்கூடப் போதும், டாக்டர் போட்டிருப்பார். குடைகள் கண்முன் வந்தன. பல்செட்டும் வந்தது.

"அவ சொல்றது சரிதான் டாக்டர்" என்றேன். "நானா இருந்தாலும் போட மாட்டேன். இன்னும் பத்தொம்பது பாக்கி."

டாக்டர் பேனாவை மூடினார்.

இப்போது பகலெல்லாம் தொலைந்த பொருள் அறையில் இருக்கிறேன். நினைத்த அளவுக்கு மோசமில்லை. ஒற்றைச் செருப்புகளில் இரண்டுக்கு ஜோடி கண்டுபிடித்துவிட்டேன். குடைகளிடம் இதுவரை பேசவில்லை.

டாக்டரைப் பார்த்த மறுநாள் காலை ஏரி வாசலில் நோட்டைத் திறந்தேன். புறப்பாடு: ஆறு பத்து. குறிப்பு: இரண்டு பேர். காவல்காரர் எட்டிப் பார்த்தார்.

"வருகை எத்தன மணிக்கு சார் போடறது?"

"அத விட்டுடுங்க" என்றேன்.

விசிலை அவரிடம் நீட்டினேன். நடுவில் என் மனைவி கை நீட்டி வாங்கிக்கொண்டாள். இரண்டு கன்னமும் உப்ப, என் காதருகில் அவளே ஊதினாள். முப்பத்தொரு வருஷத்தில் எனக்கென்று யாரும் விசில் கொடுத்ததில்லை. கிளம்பினேன்.